முட்டம் வானத்தின் மஞ்சள் எங்கே போனது?

அக்கா மகள் முட்டம் கடற்கரையில் உட்கார்ந்து வாட்டர் கலரில் ஒரு படம் வரைந்தாள். செம்மண் மேடு, கீழே பாறைகள், தூரத்தில் இரண்டு கட்டுமரம், மேலே பொழுது சாயும் முன் வரும் வெளிர் மஞ்சள் வானம். அந்த மஞ்சள் சரியாக வரவேண்டும் என்று மூன்று தாளைக் கிழித்துப் போட்டவள் அவள். நாகர்கோவிலில் ஒரு கடையில் ஸ்கேன் செய்து வந்து கணினியில் திறந்தால், வானம் வெறும் வெள்ளை. “மாமா, வானத்தைக் காணோம்” என்றாள். முகம் வாடிவிட்டது.

மஞ்சள் தொலைந்த இடம் ஸ்கேனருக்குள்தான். கண்ணாடிக்கு அடியில் ஒரு விளக்கும் அதையொட்டி ஒரு வரிசை உணரிகளும் சேர்ந்து நகர்கின்றன. தாளில் பட்டுத் திரும்பும் ஒளி எவ்வளவு என்று புள்ளி புள்ளியாக அளக்கின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். சாதாரணமாக ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை இருக்கும். மூன்றும் 255 ஆனால் முழு வெள்ளை.

மஞ்சள் சாயம் நீல ஒளியை விழுங்கும். சிவப்பையும் பச்சையையும் அப்படியே திருப்பி அனுப்பிவிடும். மெல்லிய மஞ்சள் பூச்சு என்றால் விழுங்குவதும் கொஞ்சம்தான். உதாரணத்துக்கு, வெறும் தாளில் நீலம் 240 இருந்தால் அந்த வானத்தில் 225 இருக்கும். வித்தியாசம் வெறும் 15. கடைகளில் வருவது பெரும்பாலும் ஆதார் அட்டையும் சான்றிதழும். தாள் பளிச்சென்று வெள்ளையாக வரவேண்டும் என்பதற்காக ஸ்கேனரைத் தானியங்கி அமைப்பில் விட்டிருப்பார்கள். அது 220-க்கு மேல் எல்லாவற்றையும் 255 ஆக்கிவிட்டால் தாளும் வானமும் ஒரே எண். அப்புறம் எந்த மென்பொருளாலும் அவற்றைப் பிரிக்க முடியாது, பிரிக்க அங்கே எதுவும் மிச்சமில்லை.

1957-இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கிர்ஷ் குழுவினர் முதன்முதலாகக் கணினிக்குள் ஏற்றிய படம், அவருடைய கைக்குழந்தையின் புகைப்படம். 176-க்கு 176 புள்ளிகள்தான். ஒரு புள்ளி கறுப்பா வெள்ளையா என்று மட்டுமே அந்தக் கருவிக்குச் சொல்லத் தெரியும். அதனால் எவ்வளவு வெளிச்சத்துக்கு மேல் வெள்ளை என்ற எல்லைக்கோட்டை மாற்றி மாற்றிப் பலமுறை ஸ்கேன் செய்து, அடுக்கி, சாம்பல் நிறங்களை வரவழைத்தார்கள். கோட்டை எங்கே போடுகிறோம் என்பதில்தான் படம் நிற்கிறது. அன்றும் அப்படித்தான், நம் மஞ்சள் வானத்துக்கும் அதேதான்.

சரி, என்ன செய்யலாம்? தானியங்கித் திருத்தம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஒரு நிறத்துக்கு 16 பிட் என்ற வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். 256 படிகளுக்குப் பதில் 65,536 படிகள் கிடைக்கும். முதலில் படம் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். பிறகு ஜிம்ப் போன்ற இலவச மென்பொருளில், அசல் ஓவியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெல்ல வெளிச்சத்தை ஏற்றலாம்.

அடுத்த தொல்லை நம் ஊர்க் காற்று. குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆடிச் சாரலில் தாள் ஈரத்தை உறிஞ்சி ஓரம் சுருளும். மெலிதான, விலை குறைந்த ஸ்கேனர்களில் இருப்பது சிஐஎஸ் வகை உணரி. கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் தாள் மட்டுமே அதற்குக் கூர்மையாகத் தெரியும். சற்றே எழும்பினாலும் கோடு மங்கிவிடும். கண்ணாடி வில்லையும் ஆடிகளும் கொண்ட சிசிடி வகைக்கு மேடு பள்ளம் ஓரளவு தாங்கும். ஓவியத்துக்கு அதைத்தான் நான் சொல்வேன். எதுவானாலும், நன்றாகக் காய்ந்த ஓவியத்தை ஓர் இரவு கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்துவிட்டு மறுநாள் ஸ்கேன் செய்யுங்கள். கடலோர வீடுகளில் கண்ணாடிமேல் உப்புப் படலம் படியும். மெல்லிய துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.

சொரசொரப்பான தாளில் இன்னொன்றும் நடக்கும். விளக்கு ஒரு பக்கத்திலிருந்து அடிப்பதால் தாளின் ஒவ்வொரு திட்டுக்கும் குட்டி நிழல் விழும். வானம் முழுக்கப் பொரிப்பொரியாகத் தெரியும். இதற்கு ஒரு அழகான வழி இருக்கிறது. ஒருமுறை ஸ்கேன் செய்துவிட்டு, ஓவியத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து இன்னொரு முறை செய்யுங்கள். இரண்டாவதைக் கணினியில் நேராக்கி, முதல் படத்தின்மேல் 50 சதவீத ஒளிபுகு நிலையில் துல்லியமாகப் பொருத்துங்கள். எதிரெதிர் நிழல்கள் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். ஆனால் பெரிய ஓவியத்தைத் துண்டு துண்டாக ஸ்கேன் செய்து ஒட்டும்போது தாளைத் திருப்பவே கூடாது. நிழலின் திசை மாறி ஒட்டுப் போட்ட இடம் காட்டிக்கொடுக்கும்.

அதே அளவில் அச்சிட அங்குலத்துக்கு 300 புள்ளி போதும். இரண்டு மடங்கு பெரிதாக அச்சிட 600 வேண்டும். சுருக்காத ஏ4 படத்துக்குச் சாதாரண 256 படிகளில் 300-இல் ஏறக்குறைய 26 எம்பி, 600-இல் 104 எம்பி. 16 பிட் என்றால் இரண்டு மடங்கு. பெட்டியில் போட்டிருக்கும் இன்னும் பெரிய எண்கள் பல நேரம் மென்பொருள் ஊகித்து நிரப்புபவை. ஆப்டிகல், அதாவது உணரி உண்மையிலேயே அளப்பது, என்று போட்டிருப்பதை மட்டும் நம்புங்கள். மூலப்படத்தை டிஃப் அல்லது பிஎன்ஜி வடிவில் சேமியுங்கள். ஜேபெக் சிறிதாக்குவதற்காக நுணுக்கங்களைக் கழித்துவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் படத்தை இப்படியே மறுபடி செய்தோம். வானத்தில் நீலத்தின் எண்ணைப் பார்த்தேன், 224. “இதுதான் மாமா, இதேதான்” என்று திரையைத் தொட்டுக் காட்டினாள்.