அண்டர்டாக் என்றால் கத்துக்குட்டி அல்ல

சின்ன அணி பெரிய அணியைத் தோற்கடித்தால் போதும், நம் விளையாட்டுப் பக்கங்களுக்குத் தலைப்பு தயார்: ‘கத்துக்குட்டி அதிர்ச்சி வெற்றி’. ஆங்கிலச் செய்தியில் அண்டர்டாக் என்று இருக்கும். அதற்கு இதுவா தமிழ்?

அண்டர்டாக் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சொல். நாய்ச் சண்டையில் அடியில் மாட்டிக்கொண்ட நாய். தோற்கும் என்று எல்லோரும் கணக்குப் போட்ட தரப்பு என்பது பொருள். வரலாறு அவ்வளவுதான்.

கத்துக்குட்டி என்பது கற்றுக்குட்டி. அரைகுறையாகக் கற்றவன், இன்னும் தொழில் பழகாதவன். 2024 டிசம்பர் 27 அன்று ஒட்டாவாவில், 20 வயதுக்கு உட்பட்டோருக்கான உலக ஐஸ் ஹாக்கிப் போட்டியில் கனடாவை 3-2 என்று ஷூட்-அவுட்டில் (சமநிலையை முறிக்க கோல்கீப்பரை ஒவ்வொருவராக எதிர்கொள்ளும் சுற்று) சாய்த்த லாத்வியாவுக்கு இந்தச் சொல் பொருந்துமா? லாத்வியக் கோல்கீப்பர் லினார்ட்ஸ் ஃபெல்ட்பெர்க்ஸ் ஆட்ட நேரத்தில் மட்டும் கோலை நோக்கி வந்த 55 அடிகளைத் தடுத்தார். ஷூட்-அவுட்டிலும் ஒருவரையும் விடவில்லை. இவரா பழகாதவர்? அதற்குச் சரியாக ஓராண்டு முன்பு இதே கனடாவிடம் லாத்வியா 0-10 என்று உதை வாங்கியது உண்மைதான். ஆனால் லாத்வியா ஹாக்கிப் பைத்தியம் பிடித்த நாடு. மொத்த மக்கள்தொகை இருபது லட்சத்தைத் தொடாது. 2023இல் பெரியவர்களுக்கான உலகப் போட்டியில் வெண்கலம் வென்றபோது நாடாளுமன்றம் கூடி மறுநாளே விடுமுறை விட்டது. ஆள்பலம் குறைவு, ஆட்டம் தெரியும். கத்துக்குட்டிக்கு ஆட்டமே தெரியாது. இந்த வேறுபாட்டை விழுங்கிவிட்டு அப்புறம் என்ன மொழிபெயர்ப்பு?

கிரிக்கெட்டில் பழகிய பழக்கம் இது. 2011 உலகக் கோப்பையில் பெங்களூருவில் இங்கிலாந்தை வென்ற அயர்லாந்தும் நம்மவர்களுக்குக் கத்துக்குட்டிதான். 328 ரன் இலக்கைத் துரத்தி எட்டிய குட்டி!

‘கறுப்புக் குதிரை’ இன்னும் மோசம். அது ‘டார்க் ஹார்ஸ்’ என்ற வேறொரு ஆங்கிலச் சொல்லின் தோலை உரித்து எடுத்தது. பலம் இன்னதென்று தெரியாத போட்டியாளரைக் குறிப்பது. அண்டர்டாக்கின் பலவீனமோ ஊரறிந்தது. ‘பின்தங்கிய அணி’ என்றால் கோல் கணக்கில் பின்தங்கியது என்றே படும்.

என்னைக் கேட்டால் மெலியார். வலியார், மெலியார் என்ற இணை தமிழில் எப்போதோ இருக்கிறது. யாருக்கு எதிரே நிற்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிற சொற்கள் இவை. கனடாவுக்கு முன் மெலியாரான லாத்வியா, தன்னிலும் சிறிய அணிக்கு முன் வலியார். அண்டர்டாக்கின் உயிரே அந்த ஒப்பீடுதான். செய்தி நடைக்கு இது கனம் என்றால் ‘வாய்ப்பில்லை என்று கருதப்பட்ட அணி’ என்று நீட்டி எழுதுங்கள். இடம் போனால் போகட்டும்.

தனித்தமிழ் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐஸ் ஹாக்கியைப் ‘பனி வளைகோல் பந்தாட்டம்’ என்கிறீர்களே, அதில் பந்து எங்கே இருக்கிறது? ஆடுகளத்தில் வழுக்கி ஓடுவது தட்டையான ரப்பர் வட்டு.