லெட்டர்பொக்ஸிங்: முத்திரைப்பெட்டித் தேடல்

காட்டுக்குள்ளோ வெட்டவெளியிலோ மறைத்து வைக்கப்பட்ட சிறு பெட்டியொன்றைக் குறிப்புகளின் துணையோடு தேடிக் கண்டு, அதனுள் இருக்கும் இறப்பர் முத்திரையைத் தம் ஏட்டில் பதித்துக்கொண்டு, தம்முடைய முத்திரையைப் பெட்டியிலுள்ள ஏட்டில் பதித்துவிட்டு, எடுத்த இடத்திலேயே அதைத் திரும்ப மறைத்துவிட்டு வரும் பொழுதுபோக்கை ஆங்கிலத்தில் லெட்டர்பொக்ஸிங் என்பார்கள்.

இப்பெயரின் பிறப்பிடம் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்திலுள்ள டார்ட்மூர் என்ற மேட்டுநிலம். அங்கே வழிகாட்டியாகத் தொழில் செய்த ஜேம்ஸ் பெரட் என்பவர், நடந்து சென்றடைவதற்குக் கடினமான கிரான்மியர் குளத்தருகே 1854இல் ஒரு போத்தலை வைத்து, வந்து சேர்ந்தவர்கள் தம் பெயரட்டையை அதில் இட்டுச் செல்ல வழிசெய்தார். பின்னர் வந்தவர்கள் சொந்த விலாசம் எழுதிய தபாலட்டைகளை அங்கே விட்டுச் செல்வதும், அடுத்து வருபவர் அவற்றை எடுத்துச் சென்று தபாலில் சேர்ப்பதும் வழக்கமாயிற்று. இதனால்தான் தபாற்பெட்டி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவில் இது பரவலாக அறியப்பட்டது 1998இல் ஒரு சஞ்சிகைக் கட்டுரை வெளிவந்த பின்னரே. செய்மதித் துணையுடன் பொருள் தேடும் ஜியோகாஷிங் 2000ஆம் ஆண்டில் தோன்றியது. லெட்டர்பொக்ஸிங்குக்கோ திசையறி கருவியும் காலடிக் கணக்கும் கூர்ந்த கண்ணுமே போதும்.

இம்மூன்றும் சாரணப் பயிற்சியின் அரிச்சுவடி என்பதால், சாரணர் ஒருவரின் சாதனையைக் கௌரவிக்க இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தோன்றவில்லை. அமெரிக்காவில் 21 திறமைச் சின்னங்களைப் பெற்று, சமூகப்பணித் திட்டமொன்றையும் தலைமையேற்று நடத்தி முடித்த இளையவரே, அங்குள்ள மிக உயர்ந்த சாரணர் நிலையான ஈகிள் சாரணர் ஆகிறார். அங்கே அத்தகைய ஒருவருக்காக மரக்காட்டில் பெட்டி வைப்பதைப் போலவே, நம் இலங்கையில் மிக உயர்ந்த சாரணர் விருதான ஜனாதிபதி சாரணர் விருது பெறும் பிள்ளைக்காகவும் பெட்டி வைக்கலாம். மேடையில் போர்த்தும் பொன்னாடை அன்று மாலையோடு மடிக்கப்பட்டுவிடும்; பெட்டியிலுள்ள முத்திரையோ தேடி வருபவர் ஒவ்வொருவரின் ஏட்டிலும் அப்பிள்ளையின் அடையாளத்தைப் பதித்துக்கொண்டே இருக்கும். அதை அழிறப்பரில் கையால் செதுக்குவதே அழகு. சாரணரின் மூவிதழ்ச் சின்னம் இருபுறமும் ஒத்திருப்பதால் செதுக்க எளிது. பெயரின் முதலெழுத்தைச் சேர்ப்பதானால் அதைக் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். குறிப்பாகக் 'கு', 'மு' போன்றவற்றின் சுழிகளில் கத்தி மிக மெதுவாகத் திரும்ப வேண்டும்.

இனித் தமிழ்ப் பெயர். சாரணர் என்ற சொல்லுக்கு நம்மிடம் நீண்ட மரபு உண்டு. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில் கவுந்தியடிகளும் கோவலனும் கண்ணகியும் வணங்குவது சாரணரையே. அங்கே அது வானில் இயங்க வல்ல சமண முனிவரைக் குறித்தது. ஒற்றர் என்ற பொருளும் அதற்கு உண்டு. இரண்டுக்கும் அடிப்படை 'இயங்குதல்' என்ற வடமொழி வேர்ப்பொருள். லெட்டர்பொக்ஸிங்குக்கு அத்தகைய ஆயத்தச் சொல் இல்லை. 'கடிதப்பெட்டி வேட்டை' என்றால் பெட்டிக்குள் கடிதம் இருப்பதாக மயக்கம் வரும். வேட்டை என்ற சொல்லை மானும் மரையும் வாழும் நம் காடுகளோடு சேர்த்துச் சொல்லவும் மனம் ஒப்பவில்லை. முத்திரைக்குப் 'பொறி' என்ற பழஞ்சொல் இருந்தாலும், பொறிப்பெட்டி என்றவுடன் எலிப்பொறியே நினைவுக்கு வரும். ஆகவே 'முத்திரைப்பெட்டித் தேடல்' என்பதையே நான் முன்வைக்கிறேன். இலங்கை வழக்கில் முத்திரை என்பது தபால் முத்திரையையும் குறிப்பதால், தொடக்ககாலத் தபாலட்டைகளின் சாயலும் இப்பெயரில் தங்கிவிடுகிறது. பெட்டி வைப்பவரை 'வைப்பாளர்' என்றும், தேடுபவரைத் 'தேடுநர்' என்றும் அழைக்கலாம்.

திருகோணமலையில் இதை நடத்துவோர் சிலவற்றைக் கவனித்தாக வேண்டும். கன்னியா வெந்நீரூற்று, கோணேசர் கோயிற் சூழல் போன்ற தொல்லியல், வழிபாட்டு இடங்களில் பெட்டி வைக்கக் கூடாது. பாலையும் வீரையும் நிற்கும் காட்டோரங்களில் வைப்பதானால் உரிய திணைக்களத்தின் அனுமதி முதலில் வேண்டும். யானை நடமாடும் பாதையைத் தவிர்க்க வேண்டும். பிள்ளைகள் கைவிட்டுத் துழாவுவார்கள் என்பதால் கறையான் புற்றும் பாறையிடுக்கும் ஆகாது, பாம்பு இருக்கும். வடகீழ்ப் பருவமழையில் ஏடு நனைந்து மை ஊறிவிடாதபடி, இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டிக்குள் இன்னொரு நீர்புகா உறையும் தேவை. எல்லாவற்றுக்கும் மேலாக, போரைக் கண்ட மண்ணில் ஆளில்லாத பெட்டியொன்று முதலில் அச்சத்தையே தரும். எனவே உட்புறம் தெரியும் நிறமற்ற பெட்டியைத் தெரிவுசெய்து, அது சாரணரின் முத்திரைப்பெட்டி என்பதையும் பொறுப்பான ஆசிரியரின் தொடர்பையும் மும்மொழிகளிலும் மேல்மூடியில் எழுதி, அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் முன்கூட்டியே அறிவித்துவிட வேண்டும்.