அந்தச் சின்ன ஸ்க்ரூவைத் திருப்பாதீர்கள்

இந்த மாதம் வந்த மூன்றாவது செட் இது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் சிடி பிளேயரை வேட்டித் துணியில் சுற்றி எடுத்து வந்தார். ‘நோ டிஸ்க்’ என்று காட்டியிருக்கிறது. விடுமுறைக்கு வந்த மகன் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, லென்ஸ் பக்கத்தில் இருந்த சின்ன ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பியிருக்கிறார். “ரெண்டு நாள் கணீர்னு பாடுச்சு தம்பி, அப்புறம் ஒரேயடியா நின்னுபோச்சு” என்றார். கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது.

அது ஸ்க்ரூவே இல்லை, ப்ரீசெட். டிஸ்கைப் படிக்கும் ஒளியைத் தருகிற லேசர் டயோடுக்கு எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்று தயாரித்த இடத்திலேயே அளந்து நிறுத்தி வைத்தது. பழைய சோனி லென்ஸ் யூனிட்களில் அந்த அளவை ஸ்டிக்கரிலேயே போட்டிருப்பார்கள். கடைசி மூன்று எண்கள் 452 என்றால் 45.2 மில்லிஆம்பியர். சிக்னலைத் திரையில் அலையாகக் காட்டும் ஆஸிலோஸ்கோப்பில் பார்க்காமல் நானே அதில் கை வைப்பதில்லை.

‘நோ டிஸ்க்’ வந்தால் லென்ஸ் போய்விட்டது என்று யார்தான் கிளப்பிவிட்டார்களோ! டிஸ்கின் உள்வட்டத்தில் இருக்கும் பாட்டுப் பட்டியலைப் படிக்க முடியவில்லை என்பது மட்டும்தான் அதற்குப் பொருள். ஏன் முடியவில்லை என்று செட் சொல்லாது. லென்ஸ் மேல் தூசி படிந்திருக்கலாம். லென்ஸை நகர்த்தும் தண்டவாளத்தில் கிரீஸ் இறுகி, உள்ளே கடைசி வரை வராமல் நின்றிருக்கலாம். டிஸ்கைச் சுற்றும் மோட்டார் தளர்ந்திருக்கலாம். உள்வட்டத்தைப் படிக்கும்போதுதான் நிமிடத்துக்கு 500 சுற்று வேண்டும், வெளியே போகப் போக 200 போதும். ரிப்பன் கேபிள் மடிப்பில் விட்டிருக்கலாம். நீங்கள் போட்டது அழித்து அழித்து எழுதும் ரீரைட்டபிள் டிஸ்காகவும் இருக்கலாம். அதில் பட்டுத் திரும்பும் ஒளி குறைவு, பழைய பிளேயர்கள் பல அதைப் படிக்கவே படிக்காது. இத்தனையையும் விட்டுவிட்டு நேராக ப்ரீசெட்டுக்குப் போகிறார்கள்.

அந்த ஆசிரியர் வீட்டில் செட் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. சாம்பிராணிப் புகையும் ஊதுபத்திப் புகையும் லென்ஸில் மஞ்சளாகப் படிந்திருந்தன. துடைத்திருந்தால் பாடியிருக்கும். கரண்டை ஏற்றியதும் ஒளி கூடி அந்தப் படலத்தையும் தாண்டிப் படித்துவிட்டது. சரியாகிவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். டயோடு அந்த இரண்டு நாளும் வெந்துகொண்டிருந்திருக்கிறது.

“சிவப்பா வெளிச்சம் தெரியுதே” என்று வாதாடுகிறவர்களும் உண்டு. வெந்துபோன டயோடும் எல்இடி போல மினுக்கும், ஆனால் அது லேசர் இல்லை. அப்புறம், அதைக் குனிந்து பார்க்கவே கூடாது. இந்த லேசரின் 780 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. மங்கலாகத் தெரிவதால் கண்ணும் இமைக்காது, விழித்திரைதான் பாதிக்கப்படும். லென்ஸ் மேலும் கீழும் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டுமானால் பக்கவாட்டில் இருந்து, தள்ளி நின்று பாருங்கள்.

சுத்தம் செய்வது எளிது. பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிடுங்குங்கள். பட்ஸில் ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) ஒரு சொட்டு, இறகு போல ஒரு துடைப்பு, பிறகு காய்ந்த பட்ஸால் இன்னொன்று. லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் சாய்ந்துவிடும். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் இரண்டும் அந்த அறைக்குள்ளேயே வர வேண்டாம். லென்ஸ் பிளாஸ்டிக், பட்ட நிமிடமே பனி மூடியது போல் ஆகிவிடும். பிரஷ் ஒட்டிய கிளீனர் டிஸ்குகளும் எனக்குப் பிடிக்காது.

டிஸ்கைத் துடைக்கும்போது நடுவில் இருந்து விளிம்புக்கு நேராக இழுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறலும் தடத்தோடு சேர்ந்தே ஓடும். ஒரே இடத்தில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் வரை அழிந்தால் பிளேயர் தானே நிரப்பிக்கொள்ளும், அதற்கு மேல் முழுதாக நிரப்ப முடியாது. பெயர் எழுதிய பக்கத்தை இன்னும் பத்திரமாகப் பாருங்கள். அலுமினியப் பூச்சின் மேல் அங்கே மெல்லிய அரக்குப் பூச்சு மட்டும்தான் இருக்கிறது. அதில் விழுந்த கீறலுக்கு வைத்தியம் இல்லை.

தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பிகளுக்கு ஒன்று: புது லென்ஸ் யூனிட்டில் சின்னதாக ஈயப் பொட்டு வைத்து வரும், ஸ்டாட்டிக் மின்சாரத்தில் இருந்து டயோடைக் காக்க. கேபிளைச் சொருகிய பிறகே அதை எடுங்கள். எடுக்க மறந்துவிட்டு “டூப்ளிகேட் பீஸ்” என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

ஏற்கெனவே திருப்பிவிட்டீர்களா? தயவுசெய்து மெக்கானிக்கிடம் மறைக்காதீர்கள். எந்தப் பக்கம், எவ்வளவு என்று ஞாபகம் இருக்கும் வரை சொல்லுங்கள். திட்டுவேன்தான், ஆனால் எங்கே தேடத் தொடங்குவது என்று எனக்குத் தெரியும். இனிமேல் மூடியைத் திறப்பவர்கள், எதையும் தொடுவதற்கு முன்னால் ப்ரீசெட் நிற்கும் நிலையை மொபைலில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.