ஸ்ரீரியோ விளக்கு எரியவில்லையா? கொயிலைத் திருகாதீர்கள்

வன்னியில் திருத்த வரும் பழைய எஃப்எம் ரியூனர்கள் பலவற்றில் முதலில் வந்த பழுதைவிட, கைவைத்தவர் செய்த பழுதுதான் பெரிது. ஸ்ரீரியோ பிடிக்கவில்லை என்றதும் தகரக் கூட்டுக்குள் இருக்கும் கொயிலின் நடுத்தண்டை (கோர்) திருகிவிடுகிறார்கள். சிக்னல் ஜெனரேற்றர் (சோதனைச் சிக்னல் தரும் கருவி) இல்லாமல் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. கொயில் கடைசி வேலை.

செருகுமுன் பின்தகட்டைப் படியுங்கள். 100 வோல்ற் என்றிருந்தால் அது ஜப்பான் உள்ளூர் மொடல். எங்கள் 230இல் நேரே செருகினால் ரான்ஸ்போமர் கருகும். 230ஐ 100 ஆக இறக்கும் 50 விஏ ஸ்டெப் டவுன் ரான்ஸ்போமர் போதும். ஆனால் டயல் 76 முதல் 90 மெகாஹேட்ஸ் வரைதான் என்றால் எங்கள் நிலையங்கள் பெரும்பாலும் அதற்கு வெளியே. மலிவு என்று வாங்காதீர்கள்.

அடுத்தது அன்ரெனா. மோனோவுக்குப் போதுமான சிக்னல் ஸ்ரீரியோவுக்குப் போதாது. இரைச்சல் கூடும், விளக்கு அணையும். தகரக் கூரைக்குக் கீழே தொங்கும் வயரை நம்ப வேண்டாம். கூரைக்கு மேலே டைபோல் (நடுவில் வயர் இணைக்கும் இருகை அன்ரெனா) கட்டுங்கள். 98 மெகாஹேட்ஸுக்கு மொத்த நீளம் ஏறத்தாழ 1.45 மீற்றர். கொக்காவில் ஒலிபரப்புக் கோபுரத்துக்குக் கிட்ட இருப்பவர்களுக்குச் சிக்கல் மறுபக்கம்: சிக்னல் மிதமிஞ்சி ஒரு நிலையம் டயலில் பல இடத்தில் கேட்கும். அங்கே அன்ரெனாவைக் குறைக்க வேண்டும். ஐப்பசி இடிமுழக்கம் தொடங்கினால் வயரைக் கழற்றிவிடுங்கள். முன்பகுதியில் சிக்னலை வாங்கும் எஃப்இரி ட்ரான்சிஸ்ரர் மின்னலுக்குத் தாங்காது.

இனி மூடியைக் கழற்றலாம், பிளக்கைக் கழற்றிய பிறகு. சுவிச் ஓஃபில் இருந்தாலும் சுவிச் வரை 230 நிற்கும். பல்லி முட்டை, எறும்புப் புற்று, செம்மண் தூசி எல்லாவற்றையும் தூரிகையால் எடுங்கள். முதல் தடவை 60 வாற் இழை பல்பைத் தொடரில் போட்டு மின்சாரம் கொடுங்கள். பல்ப் மின்னி மங்கினால் சரி. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷோட்.

வோல்ற்றை நிலையாக வைக்கும் றெகுலேற்றரின் வெளியீட்டை அளந்து பாருங்கள். பல செற்றுகளில் 12, 13 வோல்ற் வரும். குறைந்தாலோ 'ம்ம்' என்று இரைந்தாலோ பெரிய ஃபில்டர் கப்பாசிற்றரை மாற்றுங்கள்: மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ற் அதே அளவு அல்லது கூட, 105 பாகை வகை. சூடாகும் ட்ரான்சிஸ்ரரின் கால்களைச் சுற்றி ஈயத்தில் மெல்லிய வளைய வெடிப்பு இருக்கும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாக வையுங்கள். டயலைச் சுற்றும்போது கரகரத்தால், காங் கப்பாசிற்றர் (டயலோடு சுழன்று நிலையம் மாற்றும் தகட்டு அடுக்கு) அச்சை அழுத்தும் வெண்கலத் தகட்டில் களிம்பு. ஐசோபுரொப்பைல் அற்ககோல் ஒரு சொட்டுப் போதும், தகடுகளை வளைக்காதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஸ்ரீரியோ இல்லையென்றால் ஹெட்போனில் கேளுங்கள். விளக்கு மட்டும் எரிந்துபோயிருக்கலாம்! உண்மையிலேயே இல்லையென்றால் இடது வலது ஒலியைப் பிரிக்கும் எம்சி1310 போன்ற டீகோடர் ஐசியின் பிரிசெற்றை (திருகிச் சரிசெய்யும் சிறு ரெசிஸ்ரர்) பாருங்கள். அது இருக்கும் இடத்தைப் பேனாவால் குறித்துவிட்டு, நல்ல ஸ்ரீரியோ நிலையத்தில் மெதுவாகத் திருப்புங்கள். விளக்கு எரியத் தொடங்கும் இடத்துக்கும் அணையும் இடத்துக்கும் நடுவில் விடுங்கள். அதிர்வெண் அளக்கும் மல்ரிமீற்றர் இருந்தால், நிலையம் இல்லாத இடத்தில் எம்சி1310இன் 10ஆம் காலில் 19 கிலோஹேட்ஸ் வர வேண்டும். இங்கும் சரிவராவிட்டால்தான் கொயில், அதுவும் சிக்னல் ஜெனரேற்றர் வைத்திருப்பவரின் மேசையில்.