உராய்வே இல்லாமல் அலை அடங்குவது எப்படி?

ஆட்டிவிட்ட ஊஞ்சல் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். காற்றும் உராய்வும் அதன் ஆற்றலைத் தின்றுவிடுகின்றன. கேலக்ஸியில் அப்படித் தின்ன எதுவும் இல்லை. விண்மீன்களுக்கு இடையிலான தொலைவு மிகப் பெரிது. இரண்டு விண்மீன்கள் மோதிக்கொள்வது அநேகமாக நடப்பதே இல்லை. அருகே ஒரு கேலக்ஸி கடந்துபோய் இதைக் குலுக்கிவிட்டால், அந்தக் குலுக்கல் காலமெல்லாம் நீடிக்க வேண்டாமா?

நீடிக்க வேண்டியதில்லை. 1946இல் இயற்பியலாளர் லெவ் லாண்டவ் பிளாஸ்மாவை, அதாவது மின்னேற்றம் கொண்ட துகள்களாலான வாயுவை வைத்து இதைக் கணக்கிட்டுக் காட்டினார். 1962இல் டொனால்ட் லிண்டன்-பெல் அதே எண்ணத்தை விண்மீன் கூட்டங்களுக்குக் கொண்டுவந்தார். வட்டமான ஓடுபாதையில் நூறு பேர் ஓரிடத்தில் கும்பலாக நின்று ஓடத் தொடங்குகிறார்கள். ஒவ்வொருவர் வேகமும் சற்றே வேறு. பல சுற்றுக்குப் பிறகு கும்பல் இருந்த சுவடே தெரியாது, பாதை முழுக்க ஆட்கள் பரவியிருப்பார்கள். ஒருவர்கூட வேகம் குறைக்கவில்லை, ஆனாலும் கும்பல் கலைந்துவிட்டது. அலை அடங்குவதன் சாரம் இந்தக் கலப்புதான். உண்மையில் துகள்கள் ஒன்றையொன்று இழுக்கவும் தள்ளவும் செய்வதால் கணக்கு இதைவிடச் சிக்கலானது.

இப்போது அத்தனை பேரும் ஒரே நொடியில் திரும்பி, அதே வேகத்தில் பின்னோக்கி ஓடினால்? கும்பல் மறுபடி கூடிவிடும். கலைந்ததே தவிர, எதுவும் அழியவில்லை. பிளாஸ்மாவில் இதை 1968இல் நேரடியாகவே கண்டார்கள். ஓர் அலையை எழுப்பி அடங்கவிட்டு, பிறகு இன்னொன்றை எழுப்பினார்கள். அதுவும் அடங்கிய பின், யாரும் தொடாமலே மூன்றாவதாக ஓர் அலை எழுந்தது. அதன் பெயர் எதிரொலி. இந்தத் துறையில் என்னை மிகவும் வியக்க வைத்த பரிசோதனை இதுதான்.

கணித அறிஞர்களுக்குத் தலைவலி தந்ததும் அதுவே. லாண்டவ் குலுக்கலை மிகச் சிறியதென்று வைத்துக்கொண்டு, அது தன்மேலேயே செலுத்தும் தாக்கத்தை விட்டுவிட்டார். விட்டுவிட்ட அந்தச் சிறு எதிரொலிகள் ஒன்றை ஒன்று தூண்டி, முடிவில்லாத காலத்தில் பெருகிவிடாதா? பெருகாது என்று 2011இல் வெளியான நீண்ட நிரூபணத்தில் கிளெமாங் மூஓவும் செட்ரிக் வில்லானியும் காட்டினர். நிபந்தனைகள் உண்டு: துகள்கள் சீராகப் பரவிய ஒரு கற்பனைப் பெட்டி, மிக மிக வழவழப்பான, அதாவது எங்கும் திடீர் மாற்றம் இல்லாத சிறு குலுக்கல். ஈர்ப்பு விசை என்றால் பெட்டி அளவு மீறிப் பெரிதாகவும் இருக்கக் கூடாது.

ஏன் கூடாது? 1902இல் ஜேம்ஸ் ஜீன்ஸ் கண்ட விடை: ஒரு குறிப்பிட்ட நீளத்தைத் தாண்டிய திரட்சியில், கலைந்துபோகும் வேகத்தை ஈர்ப்பு வென்றுவிடும், திரட்சி மேலும் திரளும். தட்டுபோல் சுழலும் கேலக்ஸிக்கு 1964இல் அலார் டூம்ரே இதற்கொரு அளவுகோல் தந்தார். விண்மீன்களின் வேகங்களில் போதிய சிதறல் இருந்தால், தட்டு வளையங்களாக உடைந்து திரளாமல் தப்பும்.

நீரிலும் இதே கதைதான். எதிரெதிராக நகரும் இரு தட்டுகளுக்கு நடுவே திரவம் அடுக்கடுக்காக வழுக்கிச் செல்கிறது. அதில் ஒரு சுழிப்பை உண்டாக்கினால், அடுக்குகளின் வேக வேறுபாடு அதை இழுத்து நீட்டி, நூலாய் மெலியச் செய்யும். இடையில் அது கொஞ்சம் வளர்ந்துவிட்டு அப்புறம்தான் தேயும் என்பதை 1907இல் வில்லியம் ஓர் கவனித்தார். அந்த இடைக்கால வளர்ச்சி சாதாரணமானதல்ல. இந்த ஓட்டம் எந்த வேகத்திலும் நிலையானது என்று 1973இல் ரோமனோவ் நேரியல் கணக்கில், அதாவது குலுக்கலை எல்லையின்றிச் சிறியதாக வைத்துக்கொண்டு, நிரூபித்தார். பரிசோதனையிலோ அது கொந்தளிக்கிறது. எல்லையற்ற சிறுமை வேறு, நிஜமான சிறுமை வேறு.

பாகுத்தன்மை, அதாவது உள் உராய்வு, இல்லாத இருபரிமாணத் திரவத்திலும் சுழிப்பின் வேகம் கலப்பாலேயே அடங்கும் என்று 2015இல் வெளியான ஆய்வில் பெட்ரோசியனும் மஸ்மூதியும் நிரூபித்தனர். அங்கேயும் வழவழப்பு வேண்டும். அதைச் சற்றுக் குறைத்தால் எதிரொலிகள் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு சுழிப்பை வளர்த்துவிடக்கூடும் என்று யூ டெங்கும் அதே மஸ்மூதியும் பின்னர் காட்டினர்.