லார்ஜ் ஃபைல் சப்போர்ட்: பெருங்கோப்புக் கையாளல்

32 பிட் லினக்ஸில் சி நிரலைக் கம்பைல் செய்பவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் சொல் இது. கோப்பில் எத்தனையாவது பைட்டில் இருக்கிறோம் என்பதை 'ஆஃப்_டி' வகை எண் சொல்கிறது. அது 32 பிட் என்றால் 2,147,483,647 வரைதான் எண்ண முடியும்; 2 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. அதை 64 பிட்டாக்குவதே லார்ஜ் ஃபைல் சப்போர்ட், சுருக்கமாக எல்எஃப்எஸ். 1990களின் நடுவில் யூனிக்ஸ் நிறுவனங்கள் நடத்திய லார்ஜ் ஃபைல் சம்மிட்டில் இதன் வரையறை உருவானது.

தமிழ்ப் பெயருக்கு வருவோம். லத்தீனில் 'ஃபீலும்' என்றால் நூல். தாள்களை நூலில் கோத்து வைத்த வழக்கத்தால் 'ஃபைல்' வந்தது. நம் 'கோப்பு' பிறந்ததும் கோத்தலில்தான். இவ்வளவு பொருந்திய கலைச்சொல் அபூர்வம். 'சப்போர்ட்'டுக்கு வழங்கும் 'ஆதரவு' அப்படியல்ல, யாரோ துணை நிற்பதுபோல ஒலிக்கிறது. எனவே 'கையாளல்'.

'பெரு' என்பதையும் கவனமாகக் கொள்ள வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை உள்ள வட்டில் 3 கேபி கோப்புக்குக்கூட, கோப்பின் விவரம் கேட்கும் 'ஸ்டாட்' அழைப்பு தோற்று, 'வேல்யூ டூ லார்ஜ் ஃபார் டிஃபைண்ட் டேட்டா டைப்' என்று வரலாம். அங்கே 32 பிட்டில் அடங்காதது கோப்பின் ஐநோட் எண், அதாவது கோப்பு முறைமை அதற்குத் தரும் அடையாள எண். கோப்பு சிறியதுதான், எண்தான் பெரிது.

தீர்வு, கம்பைலருக்கு '-டி_ஃபைல்_ஆஃப்செட்_பிட்ஸ்=64' என்ற கொடியைக் (ஃபிளாக்) கொடுப்பது. கம்பைல் அமைப்புகளைத் தானே கண்டறியும் ஆட்டோகான்ஃப் கருவியைப் பயன்படுத்தும் திட்டங்களில் 'ஏசி_சிஸ்_லார்ஜ்ஃபைல்' என்ற மேக்ரோ இதைக் கான்ஃபிக்.ஹெச் என்ற தலைப்புக் கோப்பில் எழுதிவிடும். பலரும் இடறுவது இங்கேதான்: ஸ்டுடியோ.ஹெச்சுக்குப் பிறகு கான்ஃபிக்.ஹெச்சைச் சேர்த்தால் பலனில்லை, அதற்குள் ஆஃப்_டியின் அகலம் முடிவாகியிருக்கும். பிறகு ஒரு .சி கோப்பில் அது 4 பைட், அடுத்ததில் 8. இரண்டுக்கும் இடையே 'ஸ்டாட்' கட்டமைப்பைக் கடத்தினால் புலங்கள் இடம் மாறிப் படிக்கப்படும். துண்டுகளை இணைக்கும் லிங்கர் ஒரு வார்த்தை சொல்லாது. கான்ஃபிக்.ஹெச் எப்போதும் முதல் வரியில் இருக்கட்டும். கொடியை மாற்றியதும் 'மேக் கிளீன்' கட்டாயம், முன்பு கம்பைல் செய்த பழைய .ஓ கோப்பு ஒன்று தங்கினாலும் இதே கோளாறுதான். 'சைஸ்ஆஃப்(ஆஃப்_டி)' 8 என்று அச்சாகிறதா எனப் பாருங்கள்.

கோப்பில் இடம் மாற்றும் 'எஃப்சீக்', இருக்கும் இடம் சொல்லும் 'எஃப்டெல்' இரண்டும் 'லாங்' வகை எண்ணில் இயங்குபவை, கொடியால் மாறாது. 'எஃப்சீக்ஓ', 'எஃப்டெல்ஓ' என மாற்றுங்கள். ஆஃப்_டியை '%எல்டி'யால் அச்சிடாமல் 'இன்ட்மேக்ஸ்_டி'யாக்கி '%ஜேடி'யால் அச்சிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு 4 ஜிபியில் 'ஃபைல் டூ லார்ஜ்' என்று நின்றால் நிரலைத் தோண்ட வேண்டாம். பென்டிரைவின் கோப்பு முறைமை ஃபேட்32ஆ என்று பாருங்கள். அதில் ஒரு கோப்பு 4,294,967,295 பைட்டைத் தாண்டாது.