ஐம்பது வயது வண்டிக்கு விண்டேஜ் பதிவு: நீலகிரி உரிமையாளர்களுக்கு ஒரு விளக்கம்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வழியில் ஒரு பழைய இரும்புக் கடை வாசலில், ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் முன்மூடி ஒன்று சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன். ஹெரால்டில் முன்மூடி, மட்கார்டு, விளக்கு எல்லாம் ஒரே துண்டு. மொத்தமும் முன்புறமாகக் கவிழ்ந்து திறக்கும். அப்போது இன்ஜினோடு முன்சக்கரங்களும் அவற்றைத் தாங்கும் கம்பிச் சுருள்களும் வெட்டவெளியில் தெரியும். மெக்கானிக் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்ப்பார். அந்த அழகான துண்டு, கிலோ கணக்கில் எடை போடப்படக் காத்திருந்தது. "பதினைந்து வருஷம் தாண்டினால் அரசாங்கமே எடுத்துக்கொண்டு போய்விடுமாம். அதற்குள் வந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று கொடுத்தார்" என்றார் கடைக்காரர்.

கேட்டதும் மனம் கனத்துவிட்டது, ஏனென்றால் அந்தத் தகவல் தவறு. தமிழ்நாட்டில் சொந்த உபயோக வண்டியை வயதுக்காக மட்டும் யாரும் பறித்துக்கொள்வதில்லை. டெல்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிக்கும் நீதிமன்ற உத்தரவுகளால் வந்த கட்டுப்பாடு வேறு. அரசுத் துறைகளின் 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் முதல் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்ற விதியும் வேறு. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டு, இந்த மலையில் எத்தனையோ ஷெட்டுகள் காலியாகிவிட்டன.

ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்கு மத்திய அரசே தனி மரியாதை கொடுத்திருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் செய்யப்பட்ட திருத்தம் அது. அதன்படி 'விண்டேஜ் மோட்டார் வாகனம்' என்பது இரு சக்கர அல்லது நான்கு சக்கர வண்டியாக இருக்க வேண்டும். முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். இறக்குமதி வண்டிக்கும் இதே கணக்குதான். வண்டி அசல் வடிவிலேயே பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். சேஸிஸ் எனப்படும் அடிச்சட்டம், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது.

'முதல் பதிவு நாள்' என்பதைக் கவனியுங்கள். தொழிற்சாலையிலிருந்து வண்டி வெளிவந்த ஆண்டு கணக்கில் வராது. ஆர்வலர்கள் தங்களுக்குள் 1919 முதல் 1930 வரை செய்யப்பட்ட கார்களையே விண்டேஜ் என்று சொல்வார்கள். அதற்குப் பின் வந்தவை கிளாசிக். விதிக்கு அந்தப் பாகுபாடு கிடையாது.

நம் மலையில் எந்த வண்டிகள் இதற்குத் தகுதி பெறும்? ஸ்டாண்டர்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது நம் மாநிலத்தில் பிறந்த கார். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகர ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் துணையோடு சென்னையில் தொடங்கி, வண்டலூர் அருகே தொழிற்சாலை வைத்து நடந்தது. வேன்கார்டு, டென், 1961 முதல் ஹெரால்டு என்று வரிசையாக வெளிவந்தன. தாய்நாட்டில் ஸ்டாண்டர்டு என்ற பெயர் 1963லேயே மறைந்துவிட்டது. இங்கே 1980களின் இறுதிவரை தாக்குப்பிடித்தது. ஹெரால்டின் வழியில் வந்த கெஸல் 1972 முதல் 1977 வரை தயாரானது. ஆகவே 60களில் பதிவான ஹெரால்டு எப்போதோ தகுதி பெற்றுவிட்டது. கெஸல் வைத்திருப்பவர்கள் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள நாளைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றாக இப்போதுதான் ஐம்பதைத் தொடுகின்றன.

இந்துஸ்தான் மோட்டார்ஸின் லேண்ட்மாஸ்டரும் மார்க் டூ ஆம்பாசிடரும் வயதில் தேறிவிடும். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டுதான் இரண்டுக்கும் மூலம். அந்த மோரிஸ் இன்று இல்லை, ஆம்பாசிடரும் 2014 மே மாதத்தோடு நின்றுவிட்டது. மும்பை பிரீமியர் நிறுவனத்தின் டாட்ஜ், பிளிமத், பியட் 1100 கார்களும் அப்படியே. இரு சக்கரத்தில், மைசூர் ஐடியல் ஜாவா 1961 முதல் செய்த ஜாவாக்களில் கூடலூர் வழியே ஊட்டிக்கு ஏறி வந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. கிக்கரும் கியர் லீவரும் ஒரே கம்பி என்பதை மறக்க முடியுமா? அந்தத் தொழிற்சாலை 1996ல் மூடப்பட்டது. பெயர் இப்போது புதிய வண்டிகளில் திரும்பி வந்திருந்தாலும், பழைய இரண்டு ஸ்ட்ரோக் ஜாவா வேறு ஜாதி.

வயதில் தேறும் பல வண்டிகள் 'அசல் வடிவம்' என்ற இடத்தில்தான் தட்டுப்படும். எஸ்டேட்டுகளில் ஓடிய வில்லிஸ் ஜீப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் விலை ஏறியபோது, இலைமூட்டை சுமக்கும் வண்டிக்கு அந்தப் பசி கட்டுப்படியாகவில்லை. இன்ஜினை இறக்கிவிட்டு டீசல் இன்ஜினைப் பொருத்தினார்கள். ஆம்பாசிடர்களிலும் இதே கதை நடந்திருக்கிறது. அன்றைக்கு அது புத்திசாலித்தனமான முடிவு. யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த விதியின்படி அது இன்ஜின் மாற்றம். கூரையை அறுத்து நீட்டிய ஜீப்பும் பாடி மாற்றத்தில் மாட்டும். டயர், பேட்டரி, ஒயர், ரப்பர் குழாய் போன்ற தேய்மானப் பொருள்கள் விதி பெயர் சொல்லும் மூன்றில் வரவில்லை. பழைய இன்ஜின் ஷெட்டின் மூலையில் சாக்குப் போர்த்திக் கிடந்தால், அதைத் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

விண்ணப்பம் படிவம் 20. அதோடு காப்பீட்டுச் சான்று, கட்டணம், இந்தியாவில் ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய ஆர்.சி., இறக்குமதி வண்டிக்குச் சுங்கத் துறையின் நுழைவு ரசீது ஆகியவை வேண்டும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். எல்லாம் சரியாக இருந்தால் 60 நாட்களுக்குள் படிவம் 23ஏ-யில் சான்றிதழ் தர வேண்டும். அது 10 ஆண்டுகள் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. எம்.எஸ்., எம்.டி. என்று மெட்ராஸ் மாநிலக் காலத்தைச் சொல்லும் எண் பலகையைக் கழற்ற வேண்டியதில்லை. புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு மட்டும் மாநில எழுத்துகளுக்குப் பின் 'விஏ' என்றும், அடுத்து இரண்டு எழுத்தும் நான்கு இலக்க எண்ணும் வரும்.

இனிமேல் சொல்வதை முடிவெடுக்கும் முன் இரண்டு முறை படியுங்கள். விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியைத் தினசரிப் பயணத்துக்கோ வாடகைக்கோ சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, தொழில்நுட்ப ஆய்வு, விண்டேஜ் பேரணி, அவற்றுக்குப் போய்வருதல், எரிபொருள் நிரப்புதல், பழுதுபார்த்தல் ஆகியவற்றுக்கு மட்டுமே அனுமதி. குன்னூர் சந்தைக்குக் காய்கறி வாங்க எடுத்துப் போக முடியாது. கல்யாண ஊர்வலத்துக்கோ படப்பிடிப்புக்கோ வாடகைக்கு விடவும் முடியாது.

ஆகவே வாரம் ஒருமுறையாவது ஓட்டுகிற வண்டிக்கு இந்தப் பதிவு வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்குச் சாதாரணப் புதுப்பித்தல் இருக்கிறது. படிவம் 25 கொடுத்து, வண்டியைக் காட்டித் தகுதி பெற்றால் ஐந்தைந்து ஆண்டாக நீட்டித்துக்கொண்டே போகலாம். கட்டணம்தான் ஏறிவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி, 20 ஆண்டு கடந்த காருக்கு 10,000 ரூபாய், மோட்டார் சைக்கிளுக்கு 2,000 ரூபாய், இறக்குமதி காருக்கு 80,000 ரூபாய். பழைய வண்டிகளுக்கான பசுமை வரி தனி. இறக்குமதி கார் வைத்து வருடத்துக்கு நான்கு முறை மட்டும் வெளியே எடுப்பவருக்கு விண்டேஜ் பதிவு லாபம். இன்னும் ஓடும் உள்நாட்டு ஹெரால்டுக்கும் ஜாவாவுக்கும் சாதாரணப் பதிவே சுதந்திரம். வண்டி ஓடினால்தான் உயிரோடு இருக்கும். நம் மலையின் பனியிலும் ஈரத்திலும் நிறுத்தியே வைத்த காரின் தரைத்தகடு முதலில் துருவேறும்.

இரண்டு வழிக்கும் முன்னால் ஒரு முட்டுக்கட்டை உண்டு. பெரும்பாலான ஆர்.சி. இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. தாத்தா போய்ப் பல ஆண்டுகள் கழித்தே புத்தகத்தைத் திறந்து பார்த்தோம். உரிமையாளர் இறந்தால் 30 நாட்களுக்குள் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்கிறது சட்டம். அதற்குப் படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவை வேண்டும். காலம் கடந்திருந்தாலும் இதை முடிக்காமல் மேற்கொண்டு நகர முடியாது. புத்தகமே தொலைந்திருந்தால் படிவம் 26ல் நகல் கேட்க வேண்டும், காவல் நிலையச் சான்றோடு. அத்தைமார், சித்தப்பாமார் கையெழுத்துகளை ஊரில் எல்லோரும் கூடும் திருவிழாவிலேயே வாங்கிவிடுங்கள்.

2024 மே 7 முதல் வெளி மாவட்ட வண்டிகள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் எடுக்க வேண்டும். உள்ளூர்ப் பதிவான டிஎன் 43 வண்டிகளுக்கு அது தேவையில்லை. ஆனால் எம்.எஸ். எண்ணோ விஏ எண்ணோ 43 என்று காட்டாது. கல்லாறு வரை இறங்கித் திரும்பும்போது சோதனைச் சாவடியில் காட்ட, நம் முகவரி உள்ள ஆர்.சி.யின் நகல் வண்டியிலேயே இருக்கட்டும். வெளியூர் நண்பர் பேரணிக்குத் தன் பியட்டில் ஏறி வருகிறார் என்றால், அவர் பாஸ் எடுத்துவிட்டாரா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

வண்டியைக் காட்டும் நாளில் சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் படிக்கும்படி இருக்க வேண்டும். ஜாவாவில் சேஸிஸ் எண் ஹேண்டில் பாருக்குக் கீழே வண்டிச் சட்டத்தின் (பிரேம்) கழுத்தில் பொறித்திருக்கும். ஐம்பது ஆண்டு அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் அதை மூடியிருக்கும். உப்புத்தாளால் தேய்த்துவிடாதீர்கள், பொறிப்பு மழுங்கினால் எண்ணைத் திருத்தியதாகச் சந்தேகம் வரும். துணியில் மண்ணெண்ணெய் தொட்டு, ஒரு நாள் ஊறவிட்டு, பல் துலக்கும் பிரஷால் மெதுவாகத் துடையுங்கள். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எண் ஒவ்வொன்றாக எழும்பி வரும். அந்தத் தாளில் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வீட்டில் வையுங்கள்.